பஃபி மட்டும் பாத்துட்டு ஏஞ்சல விட்டவங்களுக்கு: அந்த விட்டுப்போன சீன் எல்லாம் எங்க இருக்கு?

உங்க கேள்வி இதுதான்: வேம்பயர வேட்டையாடற ஸ்லேயர் பொண்ணோட கதையான பஃபி தி வேம்பயர் ஸ்லேயர் 7 சீசனும் ஒரே மூச்சா பாத்து முடிச்சிட்டீங்க, ஆனா நடுநடுவுல ஏதோ ஒரு சீன் விட்டுப்போன மாதிரியே இருந்துச்சு. சீசன் 4 ஆரம்பத்துல போன் அடிக்குது, எடுத்தா யாரும் பேசல. சரக்கு ரயில்ல ஏறிப் போன இன்னொரு ஸ்லேயர் ஃபெய்த் 3 வருஷம் கழிச்சு வேற ஆளா வந்து நிக்கிறா. கடைசில ஏஞ்சல் எங்கேருந்தோ ஒரு தாயத்த கொண்டாந்து குடுக்கறான். இதெல்லாம் என்ன, பஃபிய விட்டுப் பிரிஞ்சு போன வேம்பயர் காதலன் ஏஞ்சலுக்குன்னு தனியா வந்த ஏஞ்சல் சீரியலையும் பாக்கணுமா, இல்ல கிராஸ்ஓவர் எபிசோட் மட்டும் பொறுக்கி எடுத்துப் பாத்தா போதுமா?

பாக்கணும், முழுசா பாக்கணும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஏஞ்சல் பக்க ஸ்பாய்லரும் வரும், ஆனா அதோட கடைசி எபிசோட் முடிவ மட்டும் தொட மாட்டேன்.

நானும் முதல் தடவ உங்கள மாதிரிதான் பாத்தேன். அத்தை பையன் ஒருத்தன் டிவிடி செட் வெச்சிருந்தான், அதுல பஃபி மட்டும்தான் இருந்துச்சு, ஏஞ்சல் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள எனக்கு பாதி சீன் மறந்தே போச்சு. மறுபடி மொத்தத்தையும் ஒளிபரப்பான தேதி பாத்து, இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி பாத்தப்பதான் எனக்கு இந்த ரெண்டு சீரியலும் என்ன பண்ணி வெச்சிருக்குன்னே புரிஞ்சுது.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஏஞ்சல் முதல் எபிசோட் வந்தது 1999 அக்டோபர் 5, பஃபி சீசன் 4 ஆரம்பிச்ச அதே ராத்திரி, அதே டபிள்யூபி சேனல். செவ்வாய்க்கிழமை 8 மணிக்கு பஃபி, 9 மணிக்கு ஏஞ்சல். அமெரிக்கால டிவி முன்னாடி உக்காந்தவங்களுக்கு அது நடுவுல எழுந்துபோகாத ரெண்டு மணி நேரம். எழுதினவங்களும் அத மனசுல வெச்சுதான் எழுதினாங்க, ரெண்டுமே மியூட்டன்ட் எனிமி கம்பெனிதான் பண்ணுச்சு. நம்ம சேனல்கள்ல மகா சங்கமம்னு போடுவாங்கல்ல, ரெண்டு சீரியல் குடும்பமும் ஒரே கல்யாண மண்டபத்துல வந்து நிக்கும், ஒரு வாரம் எல்லாரும் ஒரே ஃப்ரேம்ல இருப்பாங்க, கிராஸ்ஓவர்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது அதுதான். பஃபியும் ஏஞ்சலும் பண்ணது வேற மாதிரி, ஒரே சம்பவத்த ரெண்டா அறுத்து பாதிய இங்கயும் பாதிய அங்கயும் வெச்சாங்க, ரெண்டு பாதியும் சேத்து தெரிஞ்ச ஒரே ஆள் பாக்கற நாமதான். பஃபிக்குத் தெரியாது, பல நேரம் ஏஞ்சலுக்கும் முழுசாத் தெரியாது.

இப்ப அந்த போனுக்கு வாங்க. "தி ஃப்ரெஷ்மேன்" எபிசோட்ல பஃபி காலேஜ்ல அடிவாங்கி, தன்மேலயே நம்பிக்கை போய், அம்மா வீட்டுக்கு வந்திருப்பா. போன் அடிக்கும், எடுத்து ஹலோன்னு சொல்வா, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, வெச்சிடுவா. ஏதோ ராங் நம்பர்னு நாமளும் விட்டுடுவோம். ஒரு மணி நேரம் கழிச்சு ஏஞ்சலோட "சிட்டி ஆஃப்"ல அவன் லாஸ் ஏஞ்சல்ஸ்ல தனியா ஒரு நம்பரப் போட்டு காதுல வெச்சிருப்பான், நாம ஏற்கனவே கேட்ட அதே ஹலோ வரும், ஒரு வார்த்தை பேசாம வெச்சிடுவான். அவ்வளவுதான் மொத்த கிராஸ்ஓவரும். ரெண்டு ஊர்ல ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி ஒரே மாதிரி உடைஞ்சு போய் உக்காந்திருந்தாங்கங்கறது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். இந்த ஒரு சின்ன சீன்லயே அடுத்த 5 வருஷம் எப்படி இருக்கப்போகுதுன்னு சொல்லிட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு வந்த மோதிரக் கதை நேரடியானது. "தி ஹார்ஷ் லைட் ஆஃப் டே"ல வில்லன் வேம்பயர் ஸ்பைக் தோண்டி எடுத்த அமாரா கல்லு வெச்ச மோதிரம், போட்டுக்கிட்டா வேம்பயருக்கு வெயிலும் படாது கட்டையும் குத்தாது, அத பஃபி பிடுங்கி நண்பன் ஆஸ் கைல குடுத்து ஏஞ்சலுக்கு அனுப்பறதோட உங்க பக்கம் முடிஞ்சிருக்கும். அங்க "இன் தி டார்க்"ல ஸ்பைக் பின்னாடியே வந்து, ஆள் வெச்சு ஏஞ்சல தொங்கவிட்டு பழுக்கக் காச்சின கம்பியால குத்த வெப்பான். எல்லாம் முடிஞ்சு ஏஞ்சல் மோதிரத்தப் போட்டுக்கிட்டு மொட்டைமாடில நின்னு ஒரே ஒரு சூரிய அஸ்தமனம் பாப்பான், 200 வருஷத்துக்கு மேல பாக்காத வெயில் அது, பாத்து முடிச்சுட்டு ஒரு செங்கல்ல வெச்சு அந்தக் கல்ல நசுக்கிடுவான். ராத்திரில மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் நான் இருக்கேன், பகல் கிடைச்சா அவங்கள மறந்துடுவேங்கற மாதிரி ஒரு காரணம் தன் கூட்டாளி டாயில்கிட்ட சொல்வான். பஃபி ஆசையா குடுத்தனுப்பின பரிசு என்னாச்சுன்னு பஃபி சீரியல் மட்டும் பாத்தவங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியாது.

ஆனா நீங்க பாக்காம விட்டதுலயே பெரிசு இதெல்லாம் இல்ல. "பேங்ஸ்" ஞாபகம் இருக்கா, அந்த தேங்க்ஸ்கிவிங் எபிசோட், ஏஞ்சல் ஒளிஞ்சு ஒளிஞ்சு பஃபிக்கு காவல் இருப்பான், அவளத் தவிர மத்த எல்லாரும் அவனப் பாத்துடுவாங்க, கடைசில சாப்பாட்டு மேஜைல பஃபியோட நண்பன் ஸாண்டர் வாய் தவறி ஏஞ்சல் வந்த விஷயத்த உளறிடுவான், பஃபி மூஞ்சி அப்படியே மாறும், எபிசோட் கட் ஆயிடும். அந்த மூஞ்சியோட அவ நேரா லாஸ் ஏஞ்சல்ஸ் போறா. அதுதான் "ஐ வில் ரிமெம்பர் யூ", ஏஞ்சல் சீசன் 1ல 8வது எபிசோட், அன்னைக்கு ராத்திரியே வந்தது.

ஏஞ்சல் ஆபீஸ்ல ரெண்டு பேரும் விறைப்பா நின்னு பேசிட்டிருக்கும்போது ஜன்னல உடைச்சிட்டு மோரான்னு ஒரு டீமன் குதிக்கும். சண்டைல அதோட ரத்தம் ஏஞ்சல் காயத்துல கலந்து அவன் மனுசனாயிடுவான். இதயம் துடிக்க ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜுல இருக்கறத எல்லாம் வாய்ல போட்டு அடைச்சுக்கிட்டு ருசி பாப்பான், அப்புறம் நல்ல வெயில்ல நடந்துபோய் பஃபி முன்னாடி நிப்பான். ரெண்டு பேருக்கும் ஒரு முழு நாள் கிடைக்கும், சந்தோஷம் வந்தா ஆன்மா போயிடுங்கற அவன் சாபம் இல்ல, பயம் இல்ல, படுக்கைல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடறாங்க. அப்புறம் அந்த டீமன் திரும்ப உயிரோட வரும், மனுசனா இருக்கற ஏஞ்சலால அத ஒண்ணும் பண்ண முடியாது, பஃபிதான் காப்பாத்துவா. தான் இப்படியே இருந்தா பஃபி சீக்கிரம் செத்துடுவாங்கறது அவனுக்குப் புரிஞ்சு, நல்ல சக்திகளோட தூதர்களான ஆரக்கிள்ஸ்கிட்ட போய் அந்த நாளையே திரும்ப எடுத்துக்கோங்கன்னு கேப்பான். அவங்க சம்மதிப்பாங்க, ஆனா அந்த நாள் அவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்.

இன்னும் ஒரு நிமிஷந்தான் இருக்குன்னு பஃபிகிட்ட சொல்ற அந்த சீன நான் எத்தனை தடவ பாத்திருப்பேன்னு தெரியல. அவ பத்தல பத்தலன்னு அழறா, மறக்க மாட்டேன் மறக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா, சொல்லிட்டிருக்கும்போதே அழுகை பாதியில நின்னு சீன் பழையபடி ஆபீஸ்ல நிக்கும், அதே விறைப்பு, டீமன் ஜன்னல்ல வரும், ஏஞ்சலுக்கு இப்ப அத எப்படிக் கொல்றதுன்னு தெரியும், நெத்திக் கல்ல ஒரே அடில உடைச்சிடுவான். பஃபி ஒண்ணும் தெரியாம போயிட்டு வரேன்னு கிளம்பிடுவா. அவ கண்ணுல ஒரு சொட்டு கூட இல்ல, ரெண்டு செகண்ட் முன்னாடி நாம பாத்த அதே முகம். சாரா மிஷெல் கெல்லர் நடிப்புல எனக்கு இதுக்கு மேல எதுவும் கிடையாது.

இதுக்கப்புறம் பஃபி சீரியல்ல ஏஞ்சல் வர்ற ஒவ்வொரு சீனும் வேற சீனாயிடும். அவனுக்கு ஒரு நாள் கூடுதலா ஞாபகம் இருக்கு, அவளுக்கு இல்ல. டாயில்கிட்ட மட்டும் அவன் மனசத் திறந்து சொல்வான், அதுவும் அடுத்த எபிசோட்ல, அந்த எபிசோட்லயே டாயில் செத்துப்போயிடுவான்.

இத தெரிஞ்சுக்கிட்டு ஃபெய்த் கதைக்கு வாங்க. 2000 பிப்ரவரில கோமாலேருந்து எழுந்து, பஃபியோட உடம்ப மாத்திக்கிட்டு, மாட்டிக்கிட்டு, சரக்கு ரயில்ல ஓடிப்போறது வரைக்கும் நீங்க பாத்திருக்கீங்க. அவ இறங்கினது லாஸ் ஏஞ்சல்ஸ்ல. "ஃபைவ் பை ஃபைவ்"ல வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் வக்கீல் கம்பெனி ஏஞ்சலக் கொல்ல அவளக் கூலிக்கு வெப்பாங்க, அவ வெஸ்லிய நாற்காலில கட்டிப்போட்டு உடைஞ்ச கண்ணாடித் துண்டால கிழிப்பா. வெஸ்லி யாரு, சீசன் 3ல அவளோட வாட்சரா, அதாவது ஸ்லேயருக்குப் பயிற்சி குடுக்கறவனா வந்து ஒண்ணும் கிழிக்க முடியாம போன அந்த கோட்டு சூட்டு ஆளுதான், அப்ப நீங்க சிரிச்ச ஆள். கடைசில மழைல சந்துல ஏஞ்சலோட சண்டை போடறா, கத்தி கத்தி அடிக்கறா, அவன் திருப்பி அடிக்காமலே வாங்கிக்கிட்டு நிப்பான், அப்பதான் நமக்குப் புரியும், அவ ஜெயிக்க வரல, தன்ன யாராவது கொல்லணும்னு வந்திருக்கா. நான் கெட்டவ என்ன கொன்னுடுன்னு சட்டையப் பிடிச்சு அழறா, அவன் அவள அணைச்சுப் பிடிச்சுக்கறான். ரத்தக் காயத்தோட கைல கத்தி எடுத்துக்கிட்டு இறங்கி வந்த வெஸ்லி அதப் பாத்துட்டு அப்படியே நிப்பான், கத்தி கையிலேருந்து நழுவி விழும். வசனமே இல்லாத ஷாட்.

அடுத்த எபிசோட் "சேங்சுவரி"ல பஃபி வந்து கதவத் தெறக்கறப்போ பாக்கறது ஏஞ்சல் கைக்குள்ள ஃபெய்த். அவ வாழ்க்கையையே திருடினவ. பஃபி பக்கமிருந்து பாத்தா அவ கோபம் நூத்துக்கு நூறு நியாயம், ஏஞ்சல் பக்கமிருந்து பாத்தா அவன் பண்றதும் நியாயம், எழுதினவங்க யாரு பக்கமும் சாயல. அவ ஏஞ்சல அறைவா, அவன் திருப்பி அடிச்சிடுவான். எனக்கு இப்ப வேற ஒருத்தன் இருக்கான்னு அவ சொல்லும்போது ஏஞ்சல் வெடிப்பான், உன்னால அத சொல்ல முடியுது, எனக்கு அந்த உரிமையே இல்லன்னு. அந்த வெடிப்பு ஏன் அவ்வளவு சூடா வருதுன்னு பஃபிக்குப் புரியாது, அவளப் பொறுத்தவரைக்கும் அந்த ஐஸ்கிரீம் நாள் நடக்கவே இல்ல. நமக்குப் புரியும். ஃபெய்த் கடைசில தானா போலீஸ் ஸ்டேஷன் போய் உக்காந்து குத்தத்த ஒத்துக்குவா. "தி யோகோ ஃபேக்டர்"ல ஏஞ்சல் பஃபி ஊரான சன்னிடேல் வந்து அவ புதுக் காதலன் ரைலியோட அடிச்சுப் புரண்டுட்டு பஃபிகிட்ட மன்னிப்பு கேக்கறானே, எதுக்குன்னு குழம்பியிருப்பீங்க, இதுக்குத்தான்.

2000 நவம்பர்ல வந்த ஒரு ஜோடிதான் இந்த வித்தையோட உச்சம்னு நான் நினைக்கறேன், அதுல ஆள் மாறி வர்றதே கிடையாது. "ஃபூல் ஃபார் லவ்"ல ஸ்பைக் தன் பழைய கதைய பஃபிகிட்ட சொல்வான், 1900ல சீனால பாக்ஸர் கலவரம் நடக்கும்போது முதல் ஸ்லேயரக் கொன்ன கதை. ஸ்பைக், ட்ருசில்லா, டார்லா, ஏஞ்சல், நாலு வேம்பயரும் எரியற தெருவுல மெதுவா நடந்து வருவாங்க. ஸ்பைக் நெஞ்ச நிமித்திக்கிட்டு, அடுத்த ஸ்லேயர் வந்தா உனக்கே முதல் வாய்ப்பு தரேன்னு ஏஞ்சலக் கிண்டல் பண்ணுவான். ஏஞ்சல் மூஞ்சி தொங்கிப்போயிருக்கும், சின்னப் பையன் நம்மள முந்திட்டானேன்னு பொறாமைன்னு ஸ்பைக் நினைக்கறான், ஸ்பைக் சொல்றத கேட்டுக்கிட்டிருக்கற நாமளும் அப்படித்தான் நினைப்போம். ஒரு மணி நேரம் கழிச்சு ஏஞ்சல்ல "டார்லா" எபிசோட், அதே தெரு, அதே நெருப்பு, அதே நடை. ஆனா இந்த தடவ நமக்குத் தெரியும், 1898லயே ஏஞ்சலுக்கு ஆன்மா திரும்ப வந்துடுச்சு, அவன் தன்ன வேம்பயரா மாத்தின டார்லாவ ஏமாத்திக்கிட்டு பழைய கொலைகாரன் மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கான், கொஞ்ச நேரம் முன்னாடிதான் ஒரு மிஷனரி குடும்பத்த ஒளிய வெச்சு காப்பாத்தியிருக்கான். அந்தத் தொங்கின மூஞ்சிக்கு அர்த்தம் பயமும் அருவருப்பும். ஒரு ஷாட்டோட அர்த்தத்த இன்னொரு சீரியல் வந்து மாத்திடுச்சு. இதுல இன்னொண்ணு, ஸ்பைக் பொய் சொல்லல, அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் பஃபியோட அம்மா ஜாய்ஸ் இறந்தப்ப "ஃபாரெவர்"ல ராத்திரி கல்லறைல ஏஞ்சல் வந்து பஃபி பக்கத்துல உக்காந்திருப்பான், அது உங்க பக்கத்துலயே இருக்கு. 2001 மே 22, "தி கிஃப்ட்"ல பஃபி கோபுரத்துலேருந்து குதிச்சு, கல்லறைக் கல்லோட எபிசோட் முடியுது. ஒரு மணி நேரம் கழிச்சு ஏஞ்சல் சீசன் 2 கடைசி எபிசோட், ஏஞ்சலும் கூட்டாளிகளும் வேற உலகத்துலேருந்து தப்பிச்சு சிரிச்சுக்கிட்டே ஹோட்டலுக்குள்ள வருவாங்க, லாபில பஃபியோட தோழி வில்லோ தனியா உக்காந்திருப்பா. அவ வாயே தெறக்க மாட்டா, முகத்தப் பாத்தே ஏஞ்சல் சொல்வான், பஃபின்னு. கட். டிவிக்காரங்க கைல இருந்த அந்த ரெண்டு மணி நேரத்த இதவிட நல்லா யாரும் பயன்படுத்தினதா எனக்குத் தெரியல.

ஆனா அதோட அந்த ரெண்டு மணி நேரமே போச்சு. சம்பளப் பேச்சு மாதிரி ஒரு பேச்சுதான் காரணம், தயாரிப்பாளரான ஃபாக்ஸ் எபிசோடுக்கு கூடுதலா கேட்டாங்க, டபிள்யூபி அந்த அளவுக்கு வரல, யூபிஎன் சேனல் சுமார் 23 லட்சம் டாலர் குடுத்து பஃபிய தூக்கிட்டாங்க. ஏஞ்சல் டபிள்யூபிலயே நின்னுச்சு. போட்டி சேனல் சீரியலுக்கு விளம்பரம் பண்ற மாதிரி கதை எழுத ரெண்டு பேருமே விடல. அதோட விலைய நாம குடுத்தோம். பஃபி செத்துப் பிழைச்சு வந்திருக்கா, ஏஞ்சலுக்குத் தகவல் போகுது, "ஃபிளடட்"ல அவ போன எடுத்துட்டு அவனப் பாக்கணும், இங்கயும் இல்ல அங்கயும் இல்ல நடுவுல எங்கயாவதுன்னு சொல்லிட்டு கிளம்பறாளே, அந்த சந்திப்ப நீங்க ஏஞ்சல்ல தேடிப் பாத்தாலும் கிடைக்காது. அங்க "ஃப்ரெட்லெஸ்"ல ஏஞ்சலோட கூட்டாளிங்க கொர்டிலியாவும் வெஸ்லியும் அத நாடகமா நடிச்சுக் காட்டிக்கிட்டிருப்பாங்க, ஏஞ்சல் உள்ள வந்துடுவான், அவ்வளவுதான். 2002ல டார்க் ஹார்ஸ் இதுக்குன்னே ஒரு காமிக்ஸ் போட்டாங்க, அதுலயும் என்ன நடந்திருக்கும்னு ஆளாளுக்கு ஊகிக்கிறாங்களே தவிர என்ன நடந்துச்சுன்னு இல்ல. 2 வருஷமா ரெண்டு பாதியும் பாத்துட்டு வந்த நமக்கு முதல் தடவையா ரெண்டு பக்கமும் கதவு மூடிடுச்சு. எனக்கு இன்னைக்கும் அது ஆத்த முடியாத வருத்தம். சண்டை போட்ட ரெண்டு சேனலையும் 2006ல மூடி ஒண்ணாச் சேத்து சிடபிள்யூன்னு ஆரம்பிச்சாங்க. வேம்பயர் டைரிஸ், அதுலேருந்து பிரிஞ்ச தி ஒரிஜினல்ஸ் எல்லாம் வந்தது அந்த சிடபிள்யூலதான்.

2003ல கொஞ்சம் இளகினாங்க. ஏஞ்சல் ஆன்மா போய் ஏஞ்சலஸ்ங்கற பழைய கொலைகாரனா ஆயிட்டான், அவனக் கொல்லாம பிடிக்க ஒரு ஸ்லேயர் வேணும். "சால்வேஜ்"ல ஜெயிலுக்குப் போய் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற ஃபெய்த்த உதவிக்குக் கூப்பிடறது யாருன்னு நினைக்கறீங்க, வெஸ்லி. அவ கண்ணாடியால கிழிச்ச அதே வெஸ்லி. விஷயத்த சொன்னதும் தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டு அந்தத் தடுப்புக் கண்ணாடிய உடைச்சுக்கிட்டு வெளிய வருவா. கிராஸ்ஓவர் லிஸ்ட் மட்டும் வெச்சுப் பாத்தா போதுமான்னு கேட்டீங்கல்ல, இந்த இடத்துக்காகத்தான் போதாதுன்னு சொல்றேன். நடுவுல வெஸ்லி என்னவா மாறினான், எல்லாரும் அவனக் கைவிட்டு அவன் எப்படி இறுகிப்போனாங்கறது சீசன் 2, 3ல எபிசோட் எபிசோடா நடக்குது, அது தெரியாம அந்த ஜெயில் சீனப் பாத்தா ரெண்டு பேர் பேசிக்கற சீன் மட்டுந்தான்.

அப்புறம் மந்திரம் தெரிஞ்ச வில்லோ வந்து ஏஞ்சல் ஆன்மாவ திரும்ப வெப்பா, அதான் "ஆர்ஃபியஸ்". இங்க ஒண்ணு கவனிங்க, ஒளிபரப்புத் தேதி இந்த இடத்துல மாறிக் கிடக்கு. "ஆர்ஃபியஸ்" 2003 மார்ச் 19, ஆனா வில்லோவுக்கு ஏஞ்சல் கூட்டத்துல இருக்கற ஃப்ரெட்கிட்டேருந்து போன் வர்ற "லைஸ் மை பேரன்ட்ஸ் டோல்டு மீ" ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. அதனால "சால்வேஜ்", "ரிலீஸ்", அப்புறம் பஃபில "லைஸ்", அப்புறம் "ஆர்ஃபியஸ்", அப்புறம் "டர்ட்டி கேர்ள்ஸ்", இந்த வரிசைல பாருங்க.

தாயத்து விஷயம் சுலபம். ஏஞ்சல் சீசன் 4 கடைசி எபிசோட் "ஹோம்"ல வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் அவங்கிட்ட ஒரு ஒப்பந்தம் பேசுவாங்க, தாயத்து அதோட வந்தது. எதுக்காக அவன் அந்த ஒப்பந்தத்துக்கு சம்மதிக்கறாங்கறத சொல்ல மாட்டேன், அதுக்கும் பஃபிக்கும் சம்பந்தமில்ல, ஆனா அது தெரிஞ்சா பஃபியோட கடைசி எபிசோட் "சோஸன்"ல அவ்வளவு சீக்கிரம் கிளம்பிப் போறவன் முகத்த நீங்க வேற மாதிரி பாப்பீங்க. அந்தத் தாயத்தப் போட்டு எரிஞ்சுபோன ஸ்பைக், ஏஞ்சல் சீசன் 5 முதல் எபிசோட் "கன்விக்ஷன்" கடைசில அதே தாயத்துலேருந்து ஏஞ்சலோட ஆபீஸ் நடுவுல வந்து நிப்பான். அந்த சீசன் முழுக்க ஸ்பைக் இருக்கான், உங்களுக்கு ஸ்பைக் பிடிக்கும்னா இதுவே போதுமான காரணம். 20வது எபிசோட்ல ரெண்டு பேரும் பஃபியத் தேடி ரோமுக்குப் போவாங்க, கூட்டத்துல ஒரு பொன்னிற முடி மட்டும் பின்னாலேருந்து தெரியும், அது கெல்லர் கூட இல்ல. அத எதிர்பாத்து உக்காராதீங்க.

எப்படிப் பாக்கறதுன்னா, பஃபி சீசன் 4, 5ஐ மறுபடி போடுங்க, ஏஞ்சல் சீசன் 1, 2 கூட மாத்தி மாத்தி, எப்பவும் பஃபி முதல்ல ஏஞ்சல் அடுத்து, எபிசோட் எண் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், ரெண்டுக்கும் சீசனுக்கு 22தான். சீசன் 6க்கு மாத்திப் பாக்கணும்னு கட்டாயமில்ல, "கார்பே நாக்டம்" முடிச்சுட்டு "ஃபிளடட்" பாத்தா போதும், மத்தபடி ஏஞ்சல் 3, 4ஐ தொடர்ச்சியா பாத்துடலாம், அது ஒரே நீளக் கதையா ஓடும், நிறுத்தவும் மனசு வராது. "ஹோம்" முடிஞ்சதும் பஃபியோட கடைசி ரெண்டு எபிசோட், அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு சீசன் 5. "ஐ வில் ரிமெம்பர் யூ"வ மட்டும் "பேங்ஸ்" முடிஞ்ச அதே ராத்திரி பாத்துடுங்க, மறுநாளைக்குத் தள்ளாதீங்க.